முழங்கால் ஜவ்வு அறுவை: எந்த நாரை எடுத்து வைப்பது?

சித்திரைத் திருவிழா கபடியில் அடிபட்ட பையன் அவன். வயது 19. ரெய்டு போய்த் திரும்பும்போது வலது பாதம் ஆடுகள விரிப்பிலேயே ஒட்டிக்கொண்டது, உடம்பு மட்டும் நடுக்கோட்டைப் பார்த்துத் திரும்பியது. 'டப்' என்று உள்ளே ஒரு சத்தம். அன்று இரவே முழங்கால் இளநீர்க் காய் போல வீங்கிவிட்டது. இரண்டு வாரம் கழித்து ஸ்கேன் கவரோடும் மூன்று டாக்டர்களின் சீட்டோடும் என்னிடம் வந்தான். ஒருவர் தொடைக்குப் பின்னாலிருந்து நார் எடுத்து வைக்கலாம் என்று சொல்லியிருந்தார். இன்னொருவர் முட்டிச்சில்லுக்குக் கீழே. மூன்றாமவர் கணுக்காலுக்குப் பக்கத்திலிருந்து.

"மூணு பேரும் மூணு விதமா சொல்றாங்க அக்கா. இதுல யார் சொல்றது சரி?"

பதினான்கு வருடமாக பிசியோதெரபி பார்க்கிறேன். இந்தக் கேள்வியை மாதம் ஒருமுறையாவது யாராவது கேட்டுவிடுகிறார்கள். மூன்று டாக்டர்களும் சொன்னது சரிதான். ஆனால் மூன்றும் அவனுக்கு ஒரே அளவு பொருந்தாது. அவனிடம் அன்று ஒன்றரை மணி நேரம் பேசியதை, இதே கேள்வியோடு இருக்கும் மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். நம் ஊரில் முழங்காலுக்குள் எது கிழிந்தாலும் 'ஜவ்வு' என்றுதான் சொல்வோம். உள்ளே இருப்பது இரண்டு வகை. தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் கயிறு போலக் கட்டி வைத்திருக்கும் தசைநார்கள் ஒன்று. இரண்டு எலும்புக்கும் நடுவே வாஷர் போல உட்கார்ந்திருக்கும் மெனிஸ்கஸ் இன்னொன்று. இந்தக் கட்டுரை ஏசிஎல் என்கிற முன் சிலுவைத் தசைநார் பற்றியது. ஏறத்தாழ மூன்று செ.மீ. நீளம், சுண்டுவிரல் பருமன்கூட இருக்காது. ஓடும்போது கீழ்க்கால் எலும்பு முன்னால் வழுக்கிப் போகாமலும், திரும்பும்போது உள்ளே சுழன்றுவிடாமலும் பிடித்து வைப்பது அதுதான். உங்கள் ஸ்கேனில் மெனிஸ்கஸும் கிழிந்திருக்கிறதா என்று டாக்டரிடம் தனியாகக் கேளுங்கள். பின்னால் வரும் முடிவு பலவும் அதைப் பொறுத்ததுதான்.

'கிழிந்ததைத் தைக்க முடியாதா?' என்று எல்லோரும் கேட்பார்கள். தைத்துப் பார்த்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் மேயோ ராப்சன் என்ற அறுவை மருத்துவர் 1895-லேயே ஒரு சுரங்கத் தொழிலாளியின் முழங்காலில் இதைச் செய்திருக்கிறார். ஆனால் மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் இந்த நார் மிதந்துகொண்டிருப்பதால் ரத்தம் உறைந்து ஒட்டுவதற்கு இடமே கிடைப்பதில்லை. தைத்த நார்களில் பெரும்பாலானவை ஆறவில்லை. எலும்பை ஒட்டி மேல் முனையிலேயே பிய்ந்துபோன சில வகைக் கிழிசல்களுக்கு மட்டும் இப்போது மறுபடி தையலை முயல்கிறார்கள். மற்றவர்களுக்கு நடப்பது, பழைய நாரின் இடத்தில் உடம்பின் வேறு இடத்திலிருந்து ஒரு நாரை எடுத்து வைத்துப் புதிதாகக் கட்டுவதுதான். அந்த நாரைத்தான் கிராஃப்ட் என்கிறார்கள்.

கிராஃப்டுக்குப் போவதற்கு முன், அறுவையே செய்யாமல் இருப்பதும் ஒரு தேர்வுதான். இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. ஸ்வீடனில் 18 முதல் 35 வயதுக்குட்பட்ட 121 பேரை இரண்டு பிரிவாக்கி ஓர் ஆய்வு செய்தார்கள், முடிவு 2010-இல் வெளிவந்தது. ஒரு பிரிவுக்கு உடனே அறுவை. இன்னொரு பிரிவில் இருந்த 59 பேருக்கு முதலில் பயிற்சி மட்டும், கால் நிலையில்லாமல் இருந்தால் அப்புறம் அறுவை. ஐந்து வருடம் முடிந்தபோது அந்த 59 பேரில் 30 பேர் அறுவை செய்துகொண்டிருந்தார்கள். மீதி 29 பேர் கத்தியே படாமல் சமாளித்துவிட்டார்கள், அவர்களின் முழங்கால் அறுவை செய்தவர்களைவிட மோசமாகவும் இல்லை. என்னிடம் வந்த ஒரு பள்ளி ஆசிரியைக்கு வயது 45, ஸ்கூட்டி சாயும்போது காலை ஊன்றி ஏசிஎல் கிழிந்தது. நான்கு மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்தார். இன்று மாடிப்படி ஏறுகிறார், கரும்பலகை முன்னால் நாள் முழுக்க நிற்கிறார், கால் ஒருமுறைகூட நழுவவில்லை. அவருக்கு அறுவை எதற்கு?

ஆனால் அந்த ஆய்வில் தொழில்முறை விளையாட்டு வீரர்களைச் சேர்க்கவில்லை. கபடி, கால்பந்து, பாட்மிண்டன் என்று சட்டென்று திரும்பும் ஆட்டத்துக்குப் போக வேண்டியவர்களுக்கும், சாதாரணமாக நடக்கும்போதே கால் 'நழுவி' விடுகிறவர்களுக்கும் கதை வேறு. ஒவ்வொரு நழுவலும் மெனிஸ்கஸைக் கொஞ்சம் கொஞ்சமாக அரைக்கிறது. 'பார்த்துக்கலாம்' என்று இரண்டு வருடம் ஓட்டிவிட்டு, ஏசிஎல்லோடு மெனிஸ்கஸையும் இழந்து வந்தவர்களைப் பார்க்கும்போது மனது கனத்துப் போகிறது. முழங்கால் மடங்கிய நிலையில் பூட்டிக்கொண்டு நீட்டவே முடியவில்லை என்றால், பயிற்சி செய்து பார்ப்போம் என்ற பேச்சுக்கே இடமில்லை. உடனே அறுவை மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

சரி, அறுவை என்று முடிவாகிவிட்டது. எங்கிருந்து எடுப்பது?

நம் பக்கத்தில் அதிகம் செய்வது ஹாம்ஸ்ட்ரிங் கிராஃப்ட். தொடையின் பின்புறத் தசைகள் இரண்டின் நாண்களை, அதாவது தசையை எலும்போடு கட்டும் நார்களை, முழங்காலுக்குக் கீழே உள்பக்கமாக மூன்று செ.மீ. கீறி, நீளமான குழாய் போன்ற கருவியால் உருவி எடுக்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு டாக்டர் ஒருமுறை ஆபரேஷன் தியேட்டருக்குள் நின்று பார்க்க அனுமதித்தார். உருவி எடுத்த நாணை உதவி டாக்டர் பக்கத்து மேசையில் போட்டு, அதில் ஒட்டியிருந்த சிவப்புத் தசையை ஸ்கேலின் விளிம்பால் வழித்தார். வழிக்க வழிக்க உள்ளிருந்து வெள்ளையாக, வாழைநார் போலப் பளபளப்பாக வந்தது. அதை நான்காக மடித்து, முனைகளை நூலால் இறுக்கித் தைத்து, ஓட்டைகள் வரிசையாக உள்ள ஒரு கட்டையில் நுழைத்துப் பார்த்தார். 7 மி.மீ. ஓட்டையில் நுழையவில்லை. 7.5-இல் இறுக்கமாக நுழைந்தது. 'ஏழரைதான் சார் வருது' என்றார். பெரிய டாக்டர் கொஞ்ச நேரம் பதில் பேசவில்லை. ஏன் என்று அன்று எனக்குப் புரியவில்லை.

8 மி.மீ.க்குக் குறைவான ஹாம்ஸ்ட்ரிங் கிராஃப்ட், அதுவும் இருபது வயதுக்குட்பட்டவர்களுக்கு, மறுபடி அறுந்துபோகும் வாய்ப்பு அதிகம். எத்தனை மி.மீ. வரும் என்பது வெட்டிப் பார்க்கும்வரை உறுதியாகத் தெரியாது. உயரம் குறைந்த, ஒல்லியான உடம்புக்காரர்களுக்கு மெல்லியதாக வருவது வழக்கம். நம் பெண் விளையாட்டு வீரர்கள் பலர் அந்த உடல்வாகுதான். ஆகவே 'மெல்லிசா வந்தா என்ன செய்வீங்க சார்?' என்று முன்கூட்டியே கேட்டுவைப்பது நல்லது. நாணை ஐந்தாறு மடிப்பாக்குவது, வேறு இடத்து நாணைச் சேர்ப்பது என்று வழிகள் உண்டு. அனுபவமுள்ள டாக்டர் இந்தக் கேள்விக்கு முகம் சுளிக்க மாட்டார்.

ஹாம்ஸ்ட்ரிங்கின் பெரிய நன்மை, முட்டியின் முன்பக்கம் கை வைக்காமல் விட்டுவிடுவது. தழும்பு சின்னது, மண்டி போடலாம், முதல் வாரங்களில் வலியும் குறைவு. எடுத்த நாண் பல்லி வால் போலப் பலருக்கு ஓரளவு திரும்ப வளர்ந்தும்விடுகிறது. குறை என்றால், குதிகாலைப் பிட்டம் வரை மடக்கி இழுக்கும் பலம் கொஞ்சம் குறையும். அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவருக்கு இது தெரியவே தெரியாது. கணுக்காலை எதிரணி பிடித்துவிட்டால் உருவிக்கொண்டு கோட்டைத் தொட வேண்டிய ரெய்டருக்குத் தெரியும். இன்னொன்று, பின்தொடைத் தசை ஏசிஎல்லுக்குக் கூட்டாளி. கீழ்க்கால் முன்னால் வழுக்காமல் பின்னுக்கு இழுத்துப் பிடிப்பது அது. கூட்டாளியிடமிருந்தே எடுத்து இவனுக்குக் கொடுக்கிறோம் என்பதை மனதில் வைக்க வேண்டும். கீழ்க்காலின் முன்பக்கம் உள்ளங்கை அளவு மரத்துப்போவதும் பலருக்கு நடக்கும். அது பயப்பட வேண்டியதில்லை, மாதங்கள் போகப் போகச் சுருங்கும்.

இரண்டாவது, முட்டிச்சில்லிலிருந்து கீழே இறங்கும் பட்டையான நாணின் நடுப்பகுதி. பத்து மி.மீ. அகலத்துக்கு, மேலே முட்டிச்சில்லிலிருந்து ஒரு சின்ன எலும்புத் துண்டு, கீழே காலெலும்பிலிருந்து ஒரு துண்டு, இரண்டோடும் சேர்த்து எடுக்கிறார்கள். டாக்டர்கள் பிடிபி என்பார்கள். இரண்டு முனையிலும் எலும்பு இருப்பதால், கிராஃப்டை நுழைக்க எலும்பில் போடும் துளைக்குள் எலும்போடு எலும்பு ஒட்டுகிறது, ஏறத்தாழ ஆறு வாரத்தில் பிடித்துவிடும். வெறும் நாண் எலும்பில் பிடிக்க எட்டு முதல் பன்னிரண்டு வாரம் வரை ஆகும். ஸ்காண்டிநேவிய நாடுகள் ஒவ்வொரு ஏசிஎல் அறுவையையும் பதிவேட்டில் எழுதி வைக்கின்றன. அந்தக் கணக்குகளில் பிடிபி செய்தவர்கள் இரண்டாம் அறுவைக்கு வருவது ஹாம்ஸ்ட்ரிங்கைவிடச் சற்றுக் குறைவு. வித்தியாசம் பெரியது இல்லை. ஆனால் இளம் வயது, திரும்பும் ஆட்டம் இரண்டும் சேர்ந்தால் அந்தச் சின்ன வித்தியாசத்துக்கும் மதிப்பு உண்டு. சாதா ஸ்க்ரூவிலேயே வேலை முடிந்துவிடுவதால் உள்ளே வைக்கும் பொருளின் செலவும் பொதுவாகக் குறைகிறது.

இதற்கு விலை, மண்டி. முட்டியின் முன்பக்க வலி வருடக்கணக்கில் நீடிக்கலாம், மண்டி போட்டால் கூழாங்கல் மேல் முட்டி வைத்த மாதிரி குத்தும் என்பார்கள். வெளிநாட்டுப் புத்தகங்களில் இதை ஒரு வரியில் எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். நம் வாழ்க்கையில் அது ஒரு வரி இல்லை. டைல்ஸ் ஒட்டும் ஒருவர் என்னிடம் வந்தார், வயது 34. எட்டு மணி நேரமும் அவருக்கு மண்டியிலேதான் வேலை. பைக் மெக்கானிக், ஐந்து வேளை தொழுகிறவர், ஜெபத்துக்கு முழந்தாளிடுகிறவர், தரையைத் துடைத்துப் பிழைக்கிற அம்மா, இவர்கள் யாருக்கும் பிடிபியை நான் துணிந்து சொல்ல மாட்டேன். டைல்ஸ் வேலைக்காரர் ஹாம்ஸ்ட்ரிங்தான் செய்துகொண்டார். ஏழாவது மாதம் வேலைக்குத் திரும்பினார்.

இப்போது மெல்ல மெல்ல ஏறி வருவது குவாட்ரிசெப்ஸ் நாண், அதாவது முட்டிச்சில்லுக்கு மேலே தொடைத் தசை வந்து இணையும் இடம். நல்ல தடிமன் உறுதியாகக் கிடைக்கும், மண்டி போடும் வலியும் பிடிபி அளவுக்கு இல்லை. இரண்டுக்கும் நடுவே நிற்பது போல இருக்கிறது. என் பக்கத்துக் கஷ்டம் ஒன்று உண்டு: முதல் ஐந்தாறு மாதம் முன்தொடை எழும்பவே மாட்டேன் என்கிறது. ஏசிஎல் அறுவைக்குப் பிறகு எல்லோருக்குமே முன்தொடை தூங்கிப்போகும். அதன் நாணையே வெட்டி எடுத்தவர்களுக்கு அது இன்னும் பிடிவாதமாகத் தூங்குகிறது. பயிற்சிக்கு ஒழுங்காக வருவேன் என்று உறுதியாக இருப்பவருக்கு நல்ல தேர்வு. பிசியோ இல்லாத ஊரிலிருந்து வருகிறவருக்கு நான் தயங்குவேன்.

கணுக்காலின் வெளிப்பக்கம் இறங்கும் பெரோனியஸ் லாங்கஸ் நாணை எடுப்பது இந்தியாவில் கடந்த சில வருடங்களில் வேகமாகப் பரவியிருக்கிறது. எடுப்பது சுலபம், எட்டு மி.மீ.க்குக் குறையாமல் பெரும்பாலும் வந்துவிடுகிறது, முழங்காலைச் சுற்றி எதையும் தொடுவதில்லை. ஏசிஎல்லோடு முழங்காலின் உள்பக்கத் தசைநாரும் கிழிந்தவர்களுக்கு இது அருமையான வழி, ஏனென்றால் உள்பக்கத்தைத் தாங்கும் ஹாம்ஸ்ட்ரிங்கை அப்படியே விட்டுவிடலாம். ஆனால் பாதத்தை வெளிப்பக்கம் தூக்கும் தசை அது. கணுக்கால் ஏற்கெனவே அடிக்கடி பிரளும் ஆளிடமிருந்து அதை எடுக்கக் கூடாது என்பது என் எண்ணம். இந்தப் பையனுக்கு இரண்டு தடவை பிரண்டிருக்கிறது. ஆகவே மூன்றாவது சீட்டை அன்றே மடித்து உள்ளே வைக்கச் சொல்லிவிட்டேன்.

இறந்தவர் தானமாகக் கொடுத்த நாண் வைப்பது நம் ஊரில் அரிது. அமெரிக்காவில் நடந்த பெரிய தொடர் ஆய்வில், சொந்த நாணைவிட அது அறுந்துபோகும் வாய்ப்பு சுமார் நான்கு மடங்கு என்று வந்தது, பாதிப்பு அதிகம் இளையவர்களுக்கு. செயற்கை நாடா வைத்துச் செய்ததில் பழைய தலைமுறைப் பொருட்கள் மூட்டுக்குள்ளேயே தேய்ந்து, தூளாகி, வீக்கத்தை உண்டாக்கின. சீக்கிரம் ஆடலாம் என்று ஆசை காட்டினால் இளையவர்கள் அதில் விழ வேண்டாம்.

நார் எது என்பதோடு முறைகள் பற்றியும் கேட்பீர்கள். ஒற்றைக் கட்டா, இரட்டைக் கட்டா என்ற விவாதம் ஒரு காலத்தில் பெரிதாக ஓடியது. இயற்கையான ஏசிஎல்லில் இரண்டு இழைக்கற்றைகள் உண்டு என்பதால் இரண்டையும் தனித்தனியாகக் கட்டிப் பார்த்தார்கள். சோதித்துப் பார்க்கும்போது சுழற்சியை அது கொஞ்சம் நன்றாகத் தடுக்கிறது. நோயாளி தன் காலைப் பற்றிச் சொல்வதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பெரும்பாலோர் ஒற்றைக்கே திரும்பிவிட்டார்கள். 'ஆல் இன்சைட்' என்பது முழுத்துளை போடாமல் உள்ளிருந்து குழி மட்டும் போட்டு, இரு பக்கமும் பட்டன் வைத்து இறுக்குவது. ஒரே நாண் போதும், ஆரம்ப வலி குறைவு, பொருள் செலவு அதிகம். எந்தப் பெயரில் செய்தாலும், பழைய நார் இருந்த அதே இடத்தில் துளை விழுந்திருக்கிறதா என்பதுதான் முக்கியம். தோற்றுப்போன அறுவைகளில் தவறான இடத்தில் போட்ட துளைதான் அடிக்கடி அகப்படும் குற்றவாளி. ஆகவே, அதிக முறைகள் தெரிந்தவரைவிட, ஒரே முறையை வாரா வாரம் செய்கிறவரிடம் போவது மேல்.

ஒரே ஒரு கூடுதல் வேலையை மட்டும் நான் அழுத்திச் சொல்வேன். முழங்காலின் வெளிப்பக்கத்தில் தொடைப்பட்டையிலிருந்து ஒரு கீற்றை எடுத்து, சுழலாமல் இருக்க ஒரு கட்டுப் போடுவது. லெமேர் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1967-இல் சொன்ன யோசனை, நடுவில் மறந்துபோய் இப்போது திரும்பி வந்திருக்கிறது. 14 முதல் 25 வயதுக்குட்பட்ட, மறுபடி அறும் அபாயம் அதிகமுள்ள 618 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2020-இல் வெளிவந்தது. ஹாம்ஸ்ட்ரிங் மட்டும் வைத்தவர்களில் 11 சதவீதம் பேருக்கு இரண்டு வருடத்துக்குள் அது அறுந்தது. வெளிக்கட்டும் சேர்த்துப் போட்டவர்களில் 4 சதவீதம். இளம் ஆட்டக்காரர் ஹாம்ஸ்ட்ரிங் வைத்துக்கொள்வதாக இருந்தால், இதைப் பற்றிக் கேட்காமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

எப்போது செய்வது? வீங்கிய காலில் அவசர அவசரமாகச் செய்தால் மூட்டு இறுகிப்போகும். வீக்கம் வற்றி, கால் முழுதாக நீண்டு, நினைத்தபோது தொடைத் தசையை இறுக்க முடிந்ததும் செய்வது நல்லது. இந்தப் பையனை ஐந்து வாரம் அதற்காகவே வரவழைத்தேன். குதிகாலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, முழங்கால் தன் எடையிலேயே தாழட்டும் என்று விடுவோம். முதல் நாள் முழங்காலுக்கும் கட்டிலுக்கும் நடுவே என் கை தாராளமாக நுழைந்தது. நான்காவது வாரம் ஒரு தாளைத்தான் நுழைக்க முடிந்தது.

அவன் கடைசியில் எடுத்த முடிவு பிடிபி. வாரத்தில் இரண்டு மூன்று செய்யும் டாக்டரிடம், மே மாதக் கடைசியில் செய்தாகிவிட்டது. மண்டி போட்டுச் செய்யும் பிழைப்பு அவனுக்கு இல்லை, கணுக்காலை உருவும் பின்தொடை அவனுக்கு வேண்டும், ரயில்வேயில் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைக்கு முயன்றுகொண்டிருக்கிறான். "முட்டி முன்னாடி வலிக்கும்னு சொன்னீங்களே, எவ்வளவு நாளைக்கு?" என்று கேட்டான். ஒரு வருடம் என்று வைத்துக்கொள், அதற்கு மேலும் ஆகலாம் என்றேன். "பரவால்லக்கா" என்றான்.

அப்புறம் எல்லோரும் தடுக்கி விழும் இடம் வருகிறது. வைத்த நாண் உயிரோடு உள்ளே போவதில்லை. முதலில் ரத்த ஓட்டமின்றிச் செத்து, பிறகு புது ரத்தக் குழாய் நுழைந்து, மெல்ல மெல்லத் தசைநாராக மாறுகிறது. வலியெல்லாம் போய், நோயாளிக்கு 'எனக்குச் சரியாயிடுச்சு' என்று தோன்றும் இரண்டு மூன்று மாதத்தில் அது நாம் நினைப்பதைவிடப் பலவீனமாக இருக்கும். நார்வேயில் செய்த ஆய்வில், ஒன்பது மாதம் வரை ஆட்டத்துக்குத் திரும்புவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் மறு காயத்தின் வாய்ப்பு பாதியாகக் குறைந்தது. எந்த நாண், எந்தப் பட்டன் என்ற தேர்வுகளில் கிடைக்கும் எந்த வித்தியாசத்தையும்விட இது பெரியது, இதற்குப் பணமும் செலவில்லை. ரிஷப் பண்ட் 2023 ஜனவரியில் முழங்கால் அறுவை செய்துகொண்டு 2024 மார்ச்சில்தான் ஐபிஎல்லுக்குத் திரும்பினார். அவருக்குக் கிடைத்த வசதிகளோடு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது என்றால் நமக்கு ஆறு மாதம் எப்படிப் போதும்?

இந்த மாதம் டிசம்பர், பையனுக்கு ஏழாவது மாதம் நடக்கிறது. போன வாரம் வந்து நின்றுகொண்டே கேட்டான்: "அக்கா, பொங்கலுக்கு எங்க ஊர் டோர்னமென்ட். ரெண்டே ரெண்டு ரெய்டு மட்டும் போயிட்டு வந்துடவா?"

நான் ஒன்றும் பதில் சொல்லாமல் தரையில் இன்ச் டேப்பை விரித்தேன். ஒற்றைக் காலில் தாவி அதே காலில் அசையாமல் நிற்க வேண்டும். இடது காலில் தாவினான், 168 செ.மீ. வலது காலில் மூன்று முறை தாவினான், அதில் அதிகம் 141. போனை எடுத்து அவனே கணக்குப் போட்டான். 84 சதவீதம். குறைந்தது 90 வர வேண்டும் என்பது முதல் நாளிலேயே அவனுக்குச் சொன்னதுதான். கொஞ்ச நேரம் டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் சுவரில் ஒட்டியிருக்கும் அவனுடைய அட்டையில் தேதி போட்டு 84 என்று எழுதிவிட்டு, லெக் பிரஸ் மெஷினில் போய் உட்கார்ந்தான்.